எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?

அந்தோஃபகாஸ்தா
2 ஏப்ரல் 1995

ஈரிஸ்,

வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதையே வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். நம்ப மாட்டாய். ஆனால் இந்த வடக்குப் பாலைவனத்தில் சன்னல் வழியாகப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

தங்க இடம் கிடைத்திருக்கிறது. துறைமுகத்துக்கு மேலே மேட்டில், சுலேமா அம்மா என்கிற விதவை நடத்தும் விடுதி. அறையில் இரண்டு கட்டில். இன்னொரு கட்டிலுக்குச் சொந்தக்காரன் உலீசெஸ், செம்புச் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவன். இரண்டு வாரம் மலையில் வேலை, ஒரு வாரம் இங்கே தூக்கம். இப்போது மலையில் இருக்கிறான். அவனை நான் இன்னும் பார்க்கவில்லை, அவன் செருப்பை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எனக்குப் பொருந்துகிற மாதிரி சில விளம்பரங்கள் இருந்தன. கிடங்குப் பொறுப்பாளர், உதிரி பாகங்கள், அனுபவம் தேவை. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கவும்.’ மற்றதெல்லாம் கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். இந்த ஒரு வரிதான் என்னை நாள் கணக்கில் உட்கார வைத்துவிட்டது.

உனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் அப்பா என்னைக் கம்பளி ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே யாரும் என்னிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டதில்லை. மாதக் கடைசியில் உறை வரும். ஒரு வருஷம் கொஞ்சம் கனமாக இருக்கும், ஒரு வருஷம் பழையபடியே இருக்கும். இருபத்தேழு வருஷம் அப்படித்தான். ஆலை மூடியபோது என் சம்பளம் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பெசோ. அது என் உழைப்பின் விலையா, முதலாளியின் மனசா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சுலேமா அம்மாவிடம் கேட்டேன். “இந்த ஊர்ல குடிக்கிற தண்ணியே வெல அதிகம். கூடவே கேளுங்க, செத்தா போயிடுவீங்க?” என்றார். மூன்று லட்சம் என்று எழுதினேன். எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் வேறு யாரோ ஒருவனுடைய கடிதம் போல இருந்தது. மனம் மாறுவதற்குள் உறைகளை ஒட்டிவிட்டேன்.

நொயெமி கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாள்? எழுதச் சொல்.

அபெலார்தோ


தொமே
12 ஏப்ரல்

கிழவா,

நான் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணில் தூசி விழுந்தது. அப்படியே வைத்துக்கொள்.

நொயெமி தேறிவிட்டாள். உன்னைப் போல ஏழு என்கிற எண்ணை எட்டு மாதிரி எழுதுகிறாள் என்று டீச்சர் சொன்னாராம். அவளாகவே கடிதம் எழுதுவாள் என்று எதிர்பார்க்காதே, பதினாலு வயசு. அவளுக்கு உன்மேல் கோபம். என்மேலும் கோபம். பூனைமேல்கூடக் கோபம்.

ஆலைக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். காலை ஆறு மணிச் சங்கு கிடையாது. ஆனாலும் ஆறு மணிக்குத் தெருவே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எங்கே போவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

டெல்மோ கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். “என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வடக்குல வேல கெடச்சிருச்சா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். “எப்பவோ கெடச்சிருச்சே, பெரிய கிடங்கு, அவருக்குக் கீழ பத்துப் பேரு” என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீ சீக்கிரமாக அதை நிஜமாக்கிவிடு.

சம்பளம். நீ ஏன் எண்ணை எழுதினாய்? மீன்காரியிடம் என் பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று நான் என்றைக்காவது காட்டியிருக்கிறேனா? முதலில் சொல்கிறவன்தான் மாட்டிக்கொள்வான். அடுத்த தடவை அந்த இடத்தைக் காலியாக விடு. அவர்கள் சொல்லட்டும்.

கொன்செப்சியோனில் தேடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரப் பேருந்து. தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், கிடங்கு அதிகாரியாக இருந்தவன் வேலை கேட்டு வரிசையில் நிற்கிறான் என்பார்கள் என்றாய். இப்போது தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத ஊரில் நிற்கிறாய். நன்றாக இருக்கிறதா?

ராத்திரியில் கம்பளி பனியனைப் போட்டுக்கொள். பாலைவனம் குளிருமாமே.

ஈரிஸ்


அந்தோஃபகாஸ்தா
7 மே

ஈரிஸ்,

நன்றாக இல்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

மூன்று லட்சம் என்று எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் இல்லை. அதற்குப் பிறகு நீ சொன்னபடி ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இங்க ஒண்ணும் எழுதலையே ஐயா?”

“நீங்களே பாத்து ஒரு தொகை குடுங்கம்மா.”

உள்ளேயிருந்து அவள் அதிகாரி எட்டிப் பார்த்தார். “பாத்துக் குடுக்க இது என்ன கோயில் வாசலா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

நான் வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து இரண்டு லட்சத்து இருபது என்று எழுதினேன். வேறு ஒரு இடத்தில் கொடுத்தேன். பதில் இல்லை. பிறகு, உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு லட்சத்து அறுபது என்று எழுதினேன். அதற்கு மட்டும் உடனே கூப்பிட்டார்கள்.

நேர்காணல் செய்தவனுக்கு முப்பது வயது இருக்கும். என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தான்.

“இருபத்தேழு வருஷ அனுபவம்னு போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் இவ்வளவு கம்மியா கேக்கறீங்க?”

“வேலை வேணும். அதான்.”

“தப்பா எடுத்துக்காதீங்க. உடம்புக்கு ஏதாவது இருக்கா? குடிப்பழக்கம்?”

இல்லை என்றேன். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுங்குகிறதா என்று பார்க்கிறான் என்று புரிந்ததும், ஈரிஸ், என் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அதிகம் கேட்டால் திமிர் பிடித்தவன். குறைத்துக் கேட்டால் சீக்காளி. கேட்காமல் விட்டால் பிச்சைக்காரன். நடுவில் எங்கேயோ ஒரு எண் இருக்கவேண்டும். அதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

உலீசெஸ் வந்திருக்கிறான். நல்ல பையன். ஆனால் வந்த வாரம் முழுக்கத் தூங்குகிறான். அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒருத்தர் மூச்சு விடுவது நல்லதுதான்.

அபெலார்தோ


தொமே
18 மே

அபெலார்தோ,

ஒரு லட்சத்து அறுபதா?

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த எண் உன்னுடையது மட்டும் என்றா நினைத்தாய்? அதில் வாடகை இருக்கிறது, நொயெமியின் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாங்கள் அங்கே வந்து சேர்வதற்கான பேருந்துச் செலவு இருக்கிறது. நீ கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து எங்களைத்தான் குறைத்து எழுதியிருக்கிறாய்.

காலியாக விடு என்று நான்தான் சொன்னேன். அது தப்பான யோசனை. ஒத்துக்கொள்கிறேன். மீன் வாங்குவதும் ஆளை வாங்குவதும் ஒன்றில்லை போலிருக்கிறது. ஆனால் அதற்காக நீ உன்னையே தூக்கி எறிவாயா?

அந்தப் பொடியன் உன் கையைப் பார்த்தான் என்று எழுதியதைப் படித்துவிட்டு நான் சமையலறையில் ஒரு தட்டை உடைத்தேன். நல்ல தட்டு இல்லை, விளிம்பு உடைந்ததுதான். நீ அந்த ஊரில் தனியாக நின்று என்ன செய்கிறாய் என்று தோன்றியது. அதற்கு மேல் எழுதினால் அழுகை வரும். எனக்கு நேரமில்லை, தைக்கிற வேலை இருக்கிறது.

வியாழக்கிழமை கொன்செப்சியோன் போகிறேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஈரிஸ்


அந்தோஃபகாஸ்தா
11 ஜூன்

ஈரிஸ்,

எதற்குக் கொன்செப்சியோன்? யாருக்காவது உடம்பு சரியில்லையா? நொயெமிக்கா? பிறகு சொல்கிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த கடிதமே போடாமல் இருந்தால் நான் இங்கே என்னவென்று நினைப்பது?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கையைப் பார்த்த இடத்தில்தான். லாரி உதிரி பாகங்கள் கிடங்கு. முதலாளி ரிவேரோஸ் என்கிறவர். நான் கேட்டது அப்படியே கிடைத்தது. பேரம் பேசக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டபோது மனிதர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ரொலாந்தோ என்று இன்னொரு பொறுப்பாளன் இருக்கிறான். இருபத்தாறு வயது. அதே வேலை, அதே நேரம். பேரிங் எது புஷ் எது என்று பாதி நேரம் என்னிடம் வந்து கேட்பான். நல்லவன்தான். போன வாரம் மத்தியானச் சாப்பாட்டில் பேச்சுவாக்கில் சொன்னான்.

“எனக்கு ரெண்டு எழுபது. சும்மா அடிச்சு விட்டேன் சார், சரின்னுட்டாங்க. உங்களுக்கு மூணுக்கு மேல இருக்குமே? உங்க அனுபவத்துக்கு?”

“அந்த மாதிரிதான்” என்றேன்.

பயறுக் குழம்பு தட்டில் ஆறிப்போனது. அவன் என் மரியாதைக்குச் சொன்ன எண்ணை நான் அவனுக்குப் பொய்யாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு அவர்கள் அவ்வளவு ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் என்னிடம் சொன்னார்கள்?

ஆறாம் தேதி என் பிறந்த நாள். உன் வாழ்த்து அட்டை மூன்று நாள் கழித்து வந்தது, நன்றி. பிறந்த நாளன்று சாயங்காலம் ஒரு அவகாடோவும் இரண்டு ரொட்டியும் வாங்கி அறையில் வைத்துச் சாப்பிட்டேன். உலீசெஸ் மலையில். சுலேமா அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் பாட்டுப் பாடுவார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிறகு பாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

இந்தச் சம்பளத்தில் உங்களைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. நானே சொல்லிவிடுகிறேன்.

அபெலார்தோ


தொமே
25 ஜூன்

கிழவா,

யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. நான் வேலை கேட்கப் போனேன்.

முகத்தைச் சுளிக்காதே, இங்கிருந்தே தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஆலையில் துணி சரிபார்க்கும் பிரிவில் நான் எட்டு வருஷம் இருந்தேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. கொன்செப்சியோனில் சீருடை தைக்கும் பட்டறை ஒன்று, நாற்பது பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வையாள் வேண்டும் என்று விளம்பரம். அதே வரிதான் அதிலும். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்துவிட்டுப் போனேன். நீ இடறி விழுந்த இடமெல்லாம் எனக்குத் தெரியும் இல்லையா?

முன்கூட்டியே விசாரித்தேன். பட்டறை வாசலில் சாப்பாட்டு இடைவேளையில் நின்று, முன்னால் இந்த வேலையில் இருந்தவருக்கு எவ்வளவு என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். இரண்டு நாற்பது என்றாள். அவளுக்கு ஒரு சிகரெட் கொடுத்தேன்.

முதலாளி பெயர் செப்புல்வேதா. கொழுத்த மனிதர், கம்பளித் தொப்பி. பாதி நேரம் தைப்பதைப் பற்றிப் பேசினார், நான் அவரைவிட நன்றாகப் பேசினேன். பிறகு கேட்டார்.

“சரி. எவ்வளவு எதிர்பாக்கறீங்க?”

“ரெண்டு நாப்பது.”

“அது முன்னால இருந்தவருக்குக் குடுத்தது. அவரு ஆம்பள. குடும்பம் இருந்துச்சு.”

“எனக்கும் இருக்கு. ரெண்டு ஊர்ல இருக்கு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நானும் பேசவில்லை. பேச வாய் துடித்தது. ‘கொஞ்சம் குறைச்சாலும் சரி’ என்று நாக்கு நுனிவரை வந்தது, அபெலார்தோ. அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெரிவிக்கிறேன் என்றார். அவ்வளவுதான். வெளியே கொட்டுகிற மழை. பேருந்து நிறுத்தத்தில் நின்று, பெரிய மகாராணி மாதிரி பேசிக் கெடுத்துக்கொண்டாயே என்று என்னையே திட்டினேன்.

உனக்கு வேலை கிடைத்ததை டெல்மோ கடையில் சொல்லவில்லை. ஏற்கெனவே சொல்லியாயிற்றே.

ஈரிஸ்


தொமே
16 ஜூலை

அபெலார்தோ,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

செப்புல்வேதா டெல்மோ கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு பத்து தருகிறேன் என்றார். மூன்று மாதத்தில் இரண்டு நாற்பது ஆக்குவேன் என்று எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றேன். டெல்மோ கல்லாவை மூடாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எழுதித் தருகிறேன் என்றார். முதல் தேதியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

காலையில் போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு. நொயெமி தானே சூடுபண்ணிச் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். பேசுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

நான் வேலை கேட்கப் போனதைப் படித்து நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் மௌனத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திரும்பி வருவதென்றால் வா. அங்கேயே இருப்பதென்றால் இரு. உன் இஷ்டம்.

ஈரிஸ்


அந்தோஃபகாஸ்தா
30 ஜூலை

ஈரிஸ்,

சந்தோஷப்பட்டேன். முதலில் பொறாமைப்பட்டேன், அதற்குப் பிறகு சந்தோஷப்பட்டேன். இடைவெளி கொஞ்சம் நீண்டுவிட்டது, அதனால்தான் எழுதவில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரிவேரோஸ் அறைக்குப் போனேன். சம்பளத்தை உயர்த்தித் தரவேண்டும் என்றேன். ஆமாம், நான்தான். வாயைத் திறந்து கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“இந்த எண்ணை நான் எழுதினேனா?”

“இல்ல.”

“நீங்க கேட்டதுல ஒரு பெசோ கொறச்சனா?”

“இல்ல. ஆனா ரொலாந்தோவுக்கு...”

“ரொலாந்தோ கேட்டது ரொலாந்தோவுக்கு. நீங்க கேட்டது உங்களுக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அப்படியானால் நான் போய்விடுகிறேன் என்றேன். கதவு திறந்துதான் இருக்கிறது என்றார். நிஜமாகவே திறந்திருந்தது, வெளியே ரொலாந்தோ நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நான் வெளியே போனேன். போய், என் மேசையில் உட்கார்ந்து, அன்றைக்கு வந்த சரக்கைப் பிரித்தேன். நான் போகவில்லை, ஈரிஸ். வேறெங்கே போவது?

ரொலாந்தோ அன்றிலிருந்து என்னைச் சார் என்று கூப்பிடாமல் ‘பெரியவரே’ என்கிறான். கேலியாக இல்லை, இரக்கமாக. கேலியே தேவலை.

உன் இஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். என் இஷ்டம் எது என்று யோசித்துப் பார்த்தேன். உன்னைவிடக் குறைந்த சம்பளக்காரனாக, அல்லது சம்பளமே இல்லாதவனாக, தொமே தெருவில் இறங்கி நடப்பதை நினைத்தால் கால் வரமாட்டேன் என்கிறது. இது அசட்டுத்தனம் என்று தெரியும். தெரிந்தும் கால் வரவில்லை.

அபெலார்தோ


தொமே
20 ஆகஸ்ட்

கிழவா,

இன்று ஒரு விஷயம் நடந்தது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பட்டறைக்குப் புதிதாக ஆறு பெண்கள் எடுக்கிறோம். வந்த விண்ணப்பங்களைச் செப்புல்வேதா என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் அந்த எண் இருந்தது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். சில பேர் எழுதி, அடித்து, குறைத்து எழுதியிருந்தார்கள். ஒருத்தி ‘எது சௌகரியமோ அது’ என்று எழுதியிருந்தாள். அதற்குள் நம் ஒர்த்தென்சியாவின் விண்ணப்பம். அதேதான், மேட்டுத் தெரு, ஆலையில் என் பக்கத்து மேசை. அவள் கண்ணுக்குத் தப்பிய நூல் கிடையாது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைத்துக் கேட்டிருக்கிறாள்.

செப்புல்வேதா பார்த்துவிட்டுச் சிரித்தார். “சட்டம் சொல்றத குடுத்துருவோம். கேட்டதவிட அதிகம், கும்பிட்டு வாங்கிப்பா.”

“மத்த பொண்ணுங்களுக்குக் குடுக்கறத இவளுக்கும் குடுக்கணும்.”

“அவ கேக்கலையே, ஈரிஸ்.”

“கேக்காததுனால அவ கை மெதுவாவா தைக்கும்?”

நாங்கள் சத்தமாகவே பேசிவிட்டோம். நாற்பது மிஷினும் நின்றுவிட்டது. கடைசியில் ஒத்துக்கொண்டார். என் இரண்டு நாற்பது அக்டோபரில் வராமல் டிசம்பருக்குத் தள்ளிப்போகும் என்றார். சரி என்றேன்.

ஒர்த்தென்சியாவை உள்ளே கூப்பிட்டேன். “நீ கேட்டது கெடையாது” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. “அதவிட அதிகம்டி” என்று கத்தினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, “இதுக்கும் கீழ எழுதலாம்னு இருந்தேன்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “வேணாம்னு சொல்லிட்டா வீட்டுக்குப் போயி என்னன்னு சொல்றது?” என்றாள்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து எங்களைக் குறைத்து எழுதினாய் என்று உன்னைத் திட்டினேன். நீ அங்கே எங்களை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். அதனால்தான் கை அந்த எண்ணை எழுதியது. எனக்கு அது தெரியவில்லை. நாற்காலி மாறி உட்காராமல் தெரிந்திருக்காது.

ஈரிஸ்


அந்தோஃபகாஸ்தா
8 செப்டம்பர்

ஈரிஸ்,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தேன்.

இப்போது என் செய்தியைக் கேள். உலீசெஸ் வேலை செய்கிற சுரங்கத்தில், முகாம் கிடங்குக்கு ஆள் தேடினார்கள். அவன் என் பெயரைக் கொடுத்திருக்கிறான். வெர்காரா என்கிற பெண் பொறியாளர் ஊருக்கு இறங்கி வந்து பேசினார். நான் முதலிலேயே, இந்த வேலைக்கு நீங்கள் என்ன நினைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க சொல்லுங்க, தோன் அபெலார்தோ.” பெயருக்கு முன்னால் மரியாதைக்குத் ‘தோன்’ சேர்த்துக் கூப்பிட்டார்.

“மூணு லட்சத்து இருபதாயிரம்.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இதற்கு முன்பெல்லாம் எண்ணைச் சொன்ன வேகத்திலேயே ‘முன்னப்பின்ன பாத்துக்கலாம்’ என்று நானே சேர்த்துவிடுவேன். இந்தத் தடவை சேர்க்கவில்லை. வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, டயரை உதைத்துப் பார்த்து, மறுபடி ஏறினான். அவ்வளவு நேரம்.

“மூணு பத்து?”

“மூணு இருபது.”

“சரி” என்று கையை நீட்டினார். என் கை நடுங்கவில்லை.

ரிவேரோஸிடம் போய்ச் சொன்னேன். அவர், முன்பே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பேனே என்றார்! ரொலாந்தோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

இரண்டு வருஷ ஒப்பந்தம். இரண்டு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே. அந்த ஒரு வாரத்தில் போக வரப் பேருந்தில் கழியும் நாட்கள் போகத் தொமேயில் மூன்று நாள் இருக்கலாம், ஒவ்வொரு தடவையும் முடியாது, பார்க்கலாம். முகாமில் பிள்ளைகுட்டிகளுக்கு இடமில்லை. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அப்படிக் கையை நீட்டி என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை.

பன்னிரண்டாம் தேதி மலைக்குப் போகிறேன். கடிதத்தைச் சுலேமா அம்மா முகவரிக்கே போடு, உலீசெஸ் கொண்டுவருவான்.

நாம் இரண்டு பேரும் கேட்டது கிடைத்துவிட்டது, கிழவி.

அபெலார்தோ


தொமே
19 செப்டம்பர்

அபெலார்தோ,

நேற்று சுதந்திர நாள். தெரு முழுக்கக் கொடி. ஆலை மூடிய ஊர் என்று யாரும் சொல்ல முடியாது, அவ்வளவு சத்தம். ஒர்த்தென்சியா ஒரு தட்டு நிறைய, இறைச்சி வைத்துச் சுட்ட எம்பனாதா கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் கடிதத்தை நொயெமிக்குப் படித்துக் காட்டினேன். எண்ணைக் கேட்டதும் விசில் அடித்தாள்.

“அப்ப நம்ம பணக் கஷ்டம் தீந்துச்சா?”

“ஏறக்குறைய தீந்துச்சு.”

“பின்ன அப்பா ஏன் வரல?”

இன்னொரு எம்பனாதாவை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இந்த ஆறு மாதத்தில் நான் உனக்கு எழுதியதை யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு கேள், எப்படிக் கேள், எப்போது வாயை மூடு. எல்லாம் எழுதியிருக்கிறேன். நீ கிளம்பியபோது, போவதென்றால் போ என்றேன். வருவதென்றால் வா, இருப்பதென்றால் இரு என்றேன். ‘எது சௌகரியமோ அது’ என்று எழுதிய அந்தப் பெண்ணைப் போலத்தான் நானும் எழுதியிருக்கிறேன். கேட்டு, நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்கிற பயம்தான்.

இப்போது கேட்கிறேன். வீட்டுக்கு வா. வேலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வா. என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம், சினிமாவுக்குப் போக முடியாது, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு மனுஷனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும் எனக்கு. அந்த மனுஷன் நீயாக இருக்க வேண்டும். இதுதான் நான் எதிர்பார்ப்பது. இதில் பேரம் கிடையாது.

எழுதிவிட்டேன். இனி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

ஈரிஸ்


அந்தோஃபகாஸ்தா
3 அக்டோபர்

ஈரிஸ்,

உன் கடிதம் மலைமேல் வந்து சேர்ந்தது. உலீசெஸ் கையுறையைக் கழற்றாமலே கொடுத்தான். கிடங்கில் விளக்கடியில் நின்று படித்தேன்.

அன்று இரவு எதுவும் முடிவு செய்யவில்லை. உடனே முடிவு செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். வார முடிவுவரை யோசித்தேன். இங்கே என்னை மதிக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வருவது எனக்குச் சுலபமில்லை. உன் சம்பளத்தில் சாப்பிடுவதும் சுலபமில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன், நீ திட்டுவாய், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிறகு வெர்காரா அம்மாவிடம் போய், சோதனைக் காலம் முடிவதற்குள்ளேயே விலகிக்கொள்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டமாகிவிட்டது.

“வேற எவனாவது கூட குடுக்கறானா?”

“இல்லம்மா. வீட்டுக்குப் போறேன்.”

“தோன் அபெலார்தோ, நீங்க வந்த பிறகுதான் இந்தக் கிடங்குல ஒரு சாமானைத் தேடினா கெடைக்குது. எவ்வளவு வேணும்? சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்.”

ஏப்ரல் மாதத்திலிருந்து இந்தக் கேள்வியை இப்படி ஒருவர் என்னிடம் கேட்கவேண்டும் என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டார். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். நான் நின்று நிஜமாகவே யோசித்தேன், ஈரிஸ். ஒரு எண்ணும் வரவில்லை.

“தெரியலம்மா” என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

நாளை காலைப் பேருந்து. இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சன்னலோர இருக்கை கிடைக்கவில்லை. யாராவது வழி நெடுக என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும்.

அபெலார்தோ